பேனா மூடியதும் நின்ற பென்சில்

செல்லத்தாய் பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவதையொட்டிச் சங்கம் ஒரு மலர் கொண்டுவருகிறது. அதற்கு நான் எழுத வேண்டும் என்று இரண்டு இளைஞர்கள் மாதுங்காவுக்கு வந்து கேட்டார்கள்.

"நீங்க மேனேஜ்மென்ட் ஆளு மணி அங்கிள். எங்க ஆளுங்க புகழ்ந்தா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா வெயிட்டா இருக்கும்" என்றார் ஒருவர். அவர் தாராவியில் பிறந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. "நீங்க எழுதுங்க. நாங்க யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிறோம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு உறைத்தது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொருளாதாரத்தில் பட்டம் பெற்றேன். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மாடியறையில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றேன். செம்பூரில் இருந்த ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் கழிந்த பிறகுதான் செல்லத்தாய் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். எண்பதுகளின் முற்பகுதி அது.

என் மேலதிகாரி பட்வர்தன். அவரைப் போன்ற கண்ணியமான மனிதரை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். பெண் தொழிலாளி அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். வேலையிலிருந்து நீக்கப்போகிறவருக்கும் முதலில் தேநீர் வரவழைப்பார். அவர் குடித்து முடிக்கும்வரை பேச்சை ஆரம்பிக்க மாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவரிடம் பச்சை நிற மை பேனா ஒன்று இருந்தது. விசாரணை நடக்கும்போது அது மூடி கழற்றியபடி மேஜைமேல் கிடக்கும். பதிவாக வேண்டாம் என்று அவர் நினைக்கிற பேச்சு வந்தால், பேனாவை எடுத்து மெதுவாக மூடியைத் திருகுவார். கடைசியில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். நான் பென்சிலை நிறுத்துவேன். மூடியைக் கழற்றினால் மறுபடி எழுதுவேன். இப்படிச் செய் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சேர்ந்த முதல் மாதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துகொண்டதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

உள்விசாரணை எப்படி நடக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நீண்ட மேஜை. அதன் தலைப்பக்கம் விசாரணை அதிகாரியாகப் பட்வர்தன். ஒரு பக்கம் குற்றம் சாட்டுகிறவர், எதிர்ப்பக்கம் தொழிலாளி. மூலையில் நான். பேச்செல்லாம் இந்தியில், மராத்தியில், சில நேரம் தமிழில். நான் எழுதுவது ஆங்கிலத்தில். சுருக்கெழுத்துக் குறிப்பைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவேன். பிழை இருந்தால் அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, முதலெழுத்து போட வேண்டும். கையெழுத்துக்கு மேலே ஒரு வாசகம் இருக்கும்: 'தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டப்பட்டது; சரியென்று ஒப்புக்கொண்டார்.' அந்த வாசகத்துக்கு எங்களிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. விசாரணை நாளன்று காலையிலேயே, வெறும் தாள்களில் அதைக் குத்தி அடுக்கி வைத்துவிடுவேன். யாரும் ஒரு வார்த்தை பேசும் முன்பே எல்லாம் படித்துக் காட்டப்பட்டிருக்கும்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

மாத்திரைப் பட்டைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் ஹாலில் மூன்று கன்வேயர் பெல்ட்டுகள், ஒரு பெல்ட்டுக்கு இருபத்திரண்டு பெண்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் பித்தளை டோக்கன் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கதவைத் தாண்ட முடியும். பெல்ட்டுக்கு ஒரே ஒரு டோக்கன். போனவர் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவர் போகலாம். ஒருநாள் பிற்பகல் ஆணி வெறுமையாக இருந்தது. வெளியே போயிருந்தவரும் யாருமில்லை. பாகீரதி என்ற மராத்திப் பெண்ணுக்கு அப்போது ஏழு மாதம். அவர் இரண்டு முறை மேற்பார்வையாளர் சாவந்திடம் போய்க் கேட்டார். "டோக்கன் வரட்டும்" என்று இரண்டு முறையும் பதில். மூன்றாவது முறை அவர் எழுந்தபோது செல்லத்தாய் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பெல்ட்டை நிறுத்தினார். பாகீரதியின் கையைப் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே நடந்தார். குற்றப்பத்திரிகையில் இது 'உற்பத்தியை வேண்டுமென்றே நிறுத்தியது, கீழ்ப்படியாமை' என்று ஆயிற்று. தட்டச்சு செய்தவன் நான்.

செல்லத்தாய்க்கு அப்போது இருபத்தெட்டு வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் குடியிருப்பு, கணவர் தோல் பட்டறையில் வேலை. சங்கம் அவருக்குத் துணையாக ஆள் அனுப்பவில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய உரிமை உண்டு என்று பட்வர்தன் வழக்கமான மரியாதையோடு சொன்னார். "கேக்கேன் சாப்" என்று சொல்லிவிட்டுச் செல்லத்தாய் சாவந்தின் பக்கம் திரும்பி, பம்பாய் இந்தியில் நேராகக் கேட்டார்: "டோக்கன் ஆணியில் இல்லை. வெளியே போனவரும் இல்லை. அது எங்கே இருந்தது?"

சாவந்துக்குக் கோபம். ஒரு பொம்பளை தன்னைக் கேள்வி கேட்பதா என்ற கோபம். "மேரே ஜேப் மே தா. தோ க்யா?" என்றார். என் சட்டைப்பையில் இருந்தது, அதற்கென்ன என்று அர்த்தம். அதோடு நிறுத்தவில்லை. நாள் முழுக்க வாயாடுகிறார்கள், புத்தி வரட்டும் என்று எடுத்து வைத்தேன் என்றும் சொன்னார்.

டக்.

என் கை கொஞ்சம் முந்திக்கொண்டுவிட்டது. மூடி திருகி முடிவதற்குள் சாவந்தின் பதில் நோட்டில் ஏறியிருந்தது. ஆனால் மறுநாள் தட்டச்சு செய்யும்போது அந்தக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. நானாகத்தான் எடுத்தேன். பட்வர்தன் கேட்கவில்லை, மிரட்டவில்லை. நோட்டில் இருந்ததைப் பார்த்தேன். அடுத்த வரியிலிருந்து அடித்தேன்.

கையெழுத்து வாங்கப் பக்கங்களை நீட்டியபோது செல்லத்தாய் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்.

"சார், நான் கேட்டது, அவன் சொன்னது, எல்லாம் இருக்கா?"

"எல்லாம் இருக்கும்மா" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லி, ஆறு பக்கத்திலும் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பத்து நாளில் வேலைநீக்க உத்தரவு போயிற்று. அதையும் நானே தட்டச்சு செய்தேன். வீட்டில் என் மனைவி, "என்ன, மூணு நாளா சாதத்தை அளைஞ்சுண்டே இருக்கேள்?" என்று கேட்டாள். ஆபீசில் வேலை ஜாஸ்தி என்றேன்.

அந்த வரியை நான் அடித்திருந்தால் அவரை வேலையிலிருந்து நீக்கியிருக்க முடியாது. மேற்பார்வையாளரே டோக்கனை ஒளித்து வைத்தார் என்று பதிவாகியிருந்தால் எந்த நீதிமன்றமும் நீக்கத்தை ஏற்காது. பட்வர்தனுக்கும் அது தெரியும். நான் அடிக்காததால் பதினோரு மாதம் அவருக்கு வேலையில்லை. தாராவியில் ஒரு துணிப் பட்டறையில் காஜா எடுத்தார். துணைக்கு மூத்த மகள் முத்துலட்சுமியை ஆறாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி அழைத்துப் போனார். அந்தப் பெண் பிறகு பள்ளிக்கூடம் போகவேயில்லை. இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அன்றே உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், சொல்லியிருப்பேன் என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வேலை போனவர்கள் வழக்கமாகச் சில நாள் கேட்டில் நின்று பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவார்கள். செல்லத்தாய் போகவில்லை. பட்டறை வேலையை முடித்துக்கொண்டு, ஷிப்ட் விடுகிற நேரத்துக்குச் செம்பூர் வந்துவிடுவார். பெண்களோடு ஸ்டேஷன்வரை நடந்து, குர்லாவில் மாறி, சயனில் இறங்கும்வரை லேடீஸ் பெட்டியில் பேசிக்கொண்டே போவார். என் அறை ஜன்னல் கேட்டைப் பார்த்தது. ஒரு மாலை, சங்கத்தின் கமிட்டியில் இருந்த பாய்லர் சண்முகத்தை அவர் வழிமறித்தது என் காதிலேயே விழுந்தது.

"இது பொம்பளைங்க பாத்ரூம் விஷயம் தாயி. இதைப் போய் மேனேஜர்கிட்ட டிமாண்டா வைக்க முடியுமா? சிரிக்க மாட்டானா?" என்றார் சண்முகம். மில்கள் மூடி ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்ற காலம் அது. அவருக்கும் பயம் இருந்தது.

"ஏன் சம்முவண்ணே, மதினி வீட்டுல டோக்கன் வாங்கிட்டா போவுதாவ?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேனும் சேர்ந்துகொண்டார். சண்முகம் தலையைத் துடைத்துக்கொண்டே, "உன் வாய்க்குத்தான்ட்டி உன்ன டிஸ்மிஸ் பண்ணுனான்" என்றார்.

"வாய்க்கு இல்லண்ணே. கைக்கு. வாசிச்சுக் கேக்காம கையெழுத்துப் போட்டேம்லா, அதுக்கு" என்றார் செல்லத்தாய். ஜன்னலோரம் நின்றிருந்த நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை அது ஆரம்பித்தது. ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் பேக்கிங் தாள் ஒன்றில் இருபத்திரண்டு பெண்களும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாக் கையெழுத்தும் இல்லாமல் சரக்கு வண்டியில் ஏறாது. மருந்துத் தொழிலின் விதி அப்படி. அன்று செல்லத்தாயின் பழைய பெல்ட்டுப் பெண்கள் கைகட்டி நின்றார்கள். கோஷம் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை. "படித்துக் காட்டுங்கள், போடுகிறோம்" என்றார்கள். தாளோ ஆங்கிலம். சாவந்துக்கு அந்த அளவு ஆங்கிலம் வராது. பட்வர்தன் என்னை அனுப்பினார்.

பன்னிரண்டு ஆண்டுகளில் முதல் தடவையாகத் தலையில் துணித்தொப்பி மாட்டிக்கொண்டு அந்த ஹாலுக்குள் போனேன். தமிழில் படித்தேன், இந்தியில் படித்தேன். "மராட்டீத் வாச்சா", மராத்தியில் படியுங்கள் என்றார் பாகீரதி. அதற்குள் அவருக்குப் பிரசவமாகி வேலைக்குத் திரும்பியிருந்தார். எனக்குத் தெரிந்த மராத்தியில் தடுமாறிப் படித்தேன். தாளின் நடுவில் ஒரு வரி வந்தது: 'எனக்கு உரிய இடைவேளைகள் தடையின்றித் தரப்பட்டன.' எனக்கே அது நினைவில் இல்லை. அச்சடித்த தாள், யார் படிக்கிறார்கள்?

வரிசையில் நின்ற ஒரு கிழவி, "ஏளா, இதுக்காட்டி நாம இத்தன வருசமா கையெழுத்துப் போட்டோம்?" என்றாள். பின்னால் யாரோ, "தடையில்லாமத்தான் குடுத்தாவ, ஆணிதான் தடுத்துச்சு" என்றதும் ஹாலே சிரித்தது. சிரித்து முடித்து, ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. வாசலில் வண்டி நின்றது. மறுநாள் இரண்டாவது வண்டியும் அதன் பின்னால் நின்றது. மூன்றாம் நாள் மூன்று பெல்ட்டுகளும் நின்றன. இதை நடத்தியவர் கேட்டுக்கு வெளியே, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. பெண்கள் வைத்த நிபந்தனைகள் இரண்டே: டோக்கன் ஒழிய வேண்டும், செல்லத்தாயின் விசாரணையைத் திரும்ப நடத்த வேண்டும். இந்த முறை ஒவ்வொரு பதிலையும் அங்கேயே அவருடைய மொழியில் படித்துக் காட்ட வேண்டும்.

அதே அறை, அதே மேஜை. செல்லத்தாய் தேநீரை முழுதாகக் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். சாவந்தைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை சாவந்த் தயாராக வந்திருந்தார். "டோக்கன் எங்கேயென்று எனக்குத் தெரியாது" என்றார்.

"போன தடவை சட்டைப்பையிலே இருந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"சொல்லவில்லை. பதிவில் இருக்கிறதா, காட்டு."

டக்.

செல்லத்தாய் பேனாவைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். தமிழில் பேசினார்.

"அவியோ பேனாவை மூடுனா மூடிக்கிடட்டும். பென்சில் உங்க கையிலதான சார் இருக்கு?"

பென்சிலை நோட்டின்மேல் வைத்தேன்.

"போன தடவை டைப் அடிக்கையில ஏதாவது தவறிப்போச்சான்னு அந்தப் பழைய நோட்டைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்."

தவறிப்போச்சா என்று கேட்டார். பொய் சொன்னாயா என்று கேட்கவில்லை. எனக்குத் தப்பிக்க ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டு, அந்த வழியாக வரச் சொன்னார். நான் எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்து வந்தேன். அந்தப் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. பதினோரு மாதத்தில் பல தடவை திறந்து பார்த்த பக்கம். சாவந்தின் வார்த்தைகளை இந்தியிலும் தமிழிலும் படித்தேன். "தட்டச்சு செய்யும்போது தவறிவிட்டது" என்று பட்வர்தனிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு மூடியைக் கழற்றி, "பதிவு செய்யுங்கள்" என்றார். அந்த மனிதருக்கும் அதில் ஏதோ நிம்மதி இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

செல்லத்தாய் மறுவாரம் வேலைக்குத் திரும்பினார். நான் அம்பர்நாத்தில் இருந்த கிடங்குக்கு மாற்றப்பட்டேன். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. உத்தரவின் வாசகம் மிகவும் மரியாதையாக இருந்தது. இரண்டரை மாதம் அவ்வளவு தூரம் ரயிலில் போய் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் போன் வந்தது: உடனே செம்பூருக்குத் திரும்பவும். புதிதாக வைத்த ஆள் படிக்கிற தமிழ் புரியவில்லை என்று பெண்கள் மறுபடியும் கைகட்டி நின்றுவிட்டார்களாம். புதிய ஆள் தஞ்சாவூர்க்காரர். அவர் தமிழில் ஒரு குறையும் இல்லை.

நான் திரும்பி வந்த அன்று கேட்டில் செல்லத்தாய், "வாங்க சார், அம்பர்நாத் காத்து ஒத்துக்கிட்டுதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஆண்டே அவர் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதில் முதல் பெண். எண்பதுகள் முடிவதற்குள் பொதுச்செயலாளர். அவரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் ஒருவர், "மேனேஜ்மென்ட்கிட்ட இங்கிலீஷ்ல யாரு பேசுறது?" என்று கேட்டாராம். "அதுக்குத்தான் மணி சாருக்குச் சம்பளம் குடுக்கானுவ" என்றாராம் இவர். முதன்முதலில் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து அந்த ரப்பர் ஸ்டாம்பை ஒழித்தது. படித்துக் காட்டியவர் அந்த வாசகத்தைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று வந்தது. ஓய்வு பெறும்வரை நான் எத்தனையோ முறை அதை எழுதினேன். ஒவ்வொரு முறையும் உண்மையாக எழுதினேன். என் தொழிலை நான் நேர்மையாகச் செய்த ஆண்டுகள் அவை. அவற்றை எனக்குக் கொடுத்தவர் செல்லத்தாய்.

ஆனால் 'தவறிவிட்டது' என்ற சொல் அப்படியே நின்றுவிட்டது. பதிவிலும் அதுதான் இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையை இதுவரை எழுதியதும் மலர்க் குழுவுக்கு அனுப்பாமல், தாராவிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கு இப்போது கண் சரியில்லை. முழுவதும் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். நானாகத்தான் எடுத்தேன் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன்.

"அன்னைக்கே தெரியும் சார். அவன் பதில் சொல்லையில உங்க பென்சில் ஓடுனதப் பாத்தேம்லா" என்றார். "தெரியாமலா தவறிப்போச்சான்னு கேட்டேன்? பொய்யின்னு சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்கும். நோட்டும் சேர்ந்து போயிருக்கும். எனக்கு நோட்டு வேணும்லா."

"மன்னிச்சுடும்மா."

"என்கிட்ட எதுக்கு? நான் பதினோரு மாசத்துல திரும்பிட்டேன்." உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "ஏட்டி முத்துலச்சுமி, இங்க வா. சார், இவளுக்கு வாசிச்சுக் காட்டுங்க."

முத்துலட்சுமிக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி முதலிலிருந்து படித்தேன். முகத்தில் எதுவும் தெரியவில்லை. முடிக்கும்வரை கேட்டார்.

"ஆறாம் வகுப்புன்னு எழுதியிருக்கீய சார்" என்றார். "ஏழு. ஏழுல அரைப் பரீட்சை எழுதிட்டேன். கணக்குல நான்தான் பஸ்ட்டு."

பென்சிலை எடுத்தேன். மேலே எழுதியதை அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'ஏழாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு வரை. கணக்கில் முதலிடம்' என்று எழுதி, முதலெழுத்து போட்டேன். அச்சில் கோடு வராது என்பதால் இங்கேயும் சொல்லி வைக்கிறேன்.

"இப்ப எல்லாம் இருக்கா சார்?" என்று கேட்டார் செல்லத்தாய்.

"நீங்கதாம்மா சொல்லணும்" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். மகள் தலையசைத்தார். அதன் பிறகு என் கையாலேயே எழுதினேன்: தெரிந்த மொழியில் படித்துக் காட்டப்பட்டது, திருத்தத்தோடு சரியென்று ஒப்புக்கொண்டார். அதன் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.